பட்டனை அமுக்கும் முன்பே பச்சை

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குள் ஆபீஸ் திரும்பிவிடலாம் என்றுதான் ஜஸீமா கிளம்பினாள். காலை ஒன்பதரைக்கே எண்ணூர் விரைவுச் சாலையில் டிரைலர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. அவற்றுக்கும் கடலோரக் கருங்கல் சுவருக்கும் நடுவே கிடைத்த சந்தில் ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்து ஓட்டினாள். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்கு டிரைலர் நெரிசல் ஒன்றும் புதிதில்லை.

முதலாளி ஜோபின் காலை எட்டு மணிக்கே போன் செய்திருந்தார். நாகர்கோவில்காரர். இருபது வருஷமாகத் திருவொற்றியூரில் இருந்தாலும் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை.

"அந்த கன்டெய்னர் யார்டுல ஒரு ஆபரேட்டர் நேத்து மதியம் பெட்டியத் தூக்கமாட்டேன்னு வண்டிய நிப்பாட்டிட்டானாம். லாக் விழலன்னு சொல்லுதான். நம்ம ரெக்கார்டுல நாலு லாக்கும் விழுந்திருக்கு. ரெக்கார்டு சரிதான்னு நீ போய் ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வா, தீர்ந்துது, கேட்டியா?"

"பார்த்துட்டுப் போடறேன் சார்."

"பாக்கதுக்கு என்ன இருக்கு? நீ எழுதினதுதானே?"

அவள் எழுதியதுதான். கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ராட்சச வண்டிகளுக்கு ஸ்டேக்கர் என்று பெயர். வண்டியின் நீண்ட கையின் முனையில் பெட்டியின் நீளத்துக்கு ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். அதன் நாலு மூலையிலும் நாலு லாக். அவை பெட்டியின் மூலைத் துளைகளில் இறங்கித் திரும்பிப் பூட்டிக்கொண்ட பிறகுதான் பெட்டியைத் தூக்க வேண்டும். பழைய ஸ்டேக்கர்களில் இதைக் காட்டும் பேனல் எரிந்துபோனால் புதிது கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாகப் பொருத்த ஜோபினின் கம்பெனி ஒரு டப்பா செய்தது. லாக்குகளில் உள்ள சென்சார் கம்பிகள் ஒரு சின்ன போர்டுக்கு வரும். போர்டு சொல்வதை டப்பா படித்து, திரையில் நாலு விளக்குகளாகக் காட்டும். நாலும் பச்சையானால்தான் தூக்கும் லீவர் வேலை செய்யும். எந்த விளக்கு எப்போது மாறியது என்பதெல்லாம் டப்பாவின் ரெக்கார்டிலும் பதிவாகும். போர்டோடு பேசும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அந்த டிரைவரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஜஸீமா எழுதியிருந்தாள். ஆறு வருஷ வேலை. அதன் மேல் அவளுக்கு நல்ல நம்பிக்கை இருந்தது. இருக்க நியாயமும் இருந்தது.

யார்டின் ஆபீஸே ஒரு பழைய கன்டெய்னர்தான். ஜன்னல் வெட்டி ஏசி வைத்திருந்தார்கள். உள்ளே யார்டு சூப்பர்வைசர் எத்திராஜ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்று ரெண்டு மணி நேரம் வண்டி நின்றதில் ஏற்றுமதிப் பெட்டி ஒன்று கப்பலைத் தவறவிட்டிருந்தது. அதற்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"வாங்க மேடம். இதுதான் உங்க ரெக்கார்டோட பிரிண்ட்டு. நாலு லாக்கும் பூட்டியிருக்குன்னு அதுவே சொல்லுது. கீழ ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா மெமோவோட சேர்த்து அனுப்பிடுவேன்."

"யாருக்கு மெமோ?"

எத்திராஜ் தாடையால் வாசலைக் காட்டினார். வெளியே ஆரஞ்சு நிறச் சட்டையில் ஒரு மனிதர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெட்டை உருவம், அகலத் தோள்கள். வியாசர்பாடி பீம்ராவ். பதினாறு வருஷமாக ஸ்டேக்கர் ஓட்டுபவர். நேற்றிலிருந்து வண்டிச் சாவி அவரிடம் இல்லை.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் சார்" என்று ஜஸீமா வெளியே வந்தாள். எத்திராஜும் பின்னாலேயே வந்தார்.

"அண்ணா, நேத்து என்ன நடந்துச்சு?"

பீம்ராவ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான் அந்த டப்பாக்கார மேடமா? நல்லாக் கேளு. லஞ்சு முடிச்சி வந்து சாவியப் போட்டேன். பெட்டி மேல சட்டத்த எறக்கினேன். லாக் பட்டன் மேல கைய கூட வெக்கல. அதுக்குள்ள தெரையில நாலும் பச்ச. இன்னாடா இது, நான் அமுக்கறதுக்கு முன்னாடியே பூட்டிகிச்சான்னு ரோசன பண்ணேன். சரின்னு பட்டன அமுக்கினேன். எப்பவும் செவப்பா இருந்து ஒண்ணு ஒண்ணா பச்சைக்கு மாறும் பாரு, அந்த மாதிரி இல்ல. அப்டியே நின்னுகினு கீது. எனுக்கு டவுட் வந்து எறங்கிப் போய்ப் பாத்தேன். மூணு லாக் திரும்பி கீது. பின்னால எடது பக்கத்து லாக் திரும்பவே இல்ல. பெட்டியோட மூலை நசுங்கிப் போய் கீது, எங்கேந்து திரும்பும்?"

"நான் போய்ப் பார்த்தப்போ நாலு லாக்கும் திறந்திருந்திச்சு மேடம்" என்றார் எத்திராஜ். "மெக்கானிக் வந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாரு. எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது."

"பின்ன? பாதி மாட்டிகினு கீற பெட்டிய அப்டியே வுட்டுட்டா வருவாங்க? தொறந்து சட்டத்த மேல தூக்கி வெச்சிட்டுதான் எறங்கினேன்." பீம்ராவின் குரல் உயரவில்லை. "இருபது டன்னு சார். மூணு மூலையில தூக்கினா நாலாவது மூலை இன்னா பண்ணும்னு உனுக்கே தெரியும். கீழ டிரைலர் கிளீனரு நின்னுகினு இருந்தான்."

ஜஸீமாவுக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பொய் சொல்ல நினைப்பவன் 'லாக் விழவில்லை' என்று சொல்லிவிட்டுப் போவான். 'பட்டனை அமுக்கும் முன்பே பச்சை வந்தது' என்று ஏன் சொல்ல வேண்டும்? அப்படி ஒன்றை இட்டுக்கட்டத் தோன்றாது.

"சார், பிரிண்ட்டு வேண்டாம். வண்டியில இருக்கற டப்பாவிலேர்ந்து நானே எடுத்துப் பார்க்கறேன்."

ஏணி ஏறி ஸ்டேக்கர் கேபினுக்குள் போனாள். சீட்டில் உட்கார்ந்து, மடிக்கணினியை டப்பாவோடு இணைத்து, நேற்றைய ரெக்கார்டைத் திறந்தாள். பிரிண்ட்டில் 'பூட்டியது' என்ற முடிவு மட்டும்தான் வரும். இங்கே போர்டு அனுப்பிய மூல எண்ணே இருந்தது.

சாவி போட்டது மதியம் ஒன்று முப்பத்திரண்டுக்கு. நாலும் பச்சை என்று பதிவானது அதே நிமிஷம். லாக் பட்டன் அமுக்கப்பட்டது ஒன்று முப்பத்தாறுக்கு.

நாலு நிமிஷம் முன்னதாகவே பச்சை. பீம்ராவ் சொன்னதை அவருக்கு எதிராக நீட்டிய ரெக்கார்டே சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து மூல எண்ணைப் பார்த்தாள். போர்டு ஒவ்வொரு முறையும் பதினாறு பதில்கள் அனுப்பும். ஒவ்வொன்றும் பூஜ்யம் அல்லது ஒன்று. லாக் பூட்டியிருக்கிறதா என்பதற்கு நாலு, திறந்திருக்கிறதா என்பதற்கு நாலு, சட்டம் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறதா என்பதற்கு நாலு. மீதி நாலும் சும்மா, எந்தக் கம்பியும் இணைக்காதவை. அவை எப்போதும் பூஜ்யமாகத்தான் இருக்கும்.

ஒன்று முப்பத்திரண்டிலிருந்து பதினாறும் ஒன்று. லாக் பூட்டியும் இருக்கிறது, திறந்தும் இருக்கிறது. இல்லாத கம்பிகூட 'ஆமாம்' என்கிறது.

ஜஸீமா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தப் பதினாறு ஒன்றுகளின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். போர்டு பதிலே சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது. போர்டில் தூங்கும் சிப்பிடம் கேள்வி கேட்டால் அதிலிருந்து வரும் கம்பி சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் கம்பியைப் படித்தால் எல்லாம் ஒன்று என்றே வரும். அவளுடைய டிரைவர் முதல் நாலு ஒன்றுகளைப் பார்த்து, 'ஆகா, நாலும் பூட்டியாயிற்று' என்று பச்சை போட்டிருக்கிறது.

போர்டைத் தூங்க வைத்ததும் அவள்தான். மதிய இடைவேளையில் எஞ்சின் நின்றிருக்கும்போது டப்பா பேட்டரியை உறிஞ்சிவிடுகிறது என்று எத்திராஜ்தான் புகார் சொல்லியிருந்தார். அதற்காக, சாவியை எடுத்துச் சில நிமிஷம் ஆனதும் போர்டைத் தூங்கவைத்து, சாவி போட்டதும் எழுப்பும்படி டிரைவரை மாற்றினாள். அந்தப் புது மென்பொருளை இந்த யார்டில் ஏற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை. எழுப்புவதற்கு ஒரு கட்டளை அனுப்பினாள், சரி. எழுந்ததா என்று பார்த்தாளா? பார்க்கவில்லை. ஆபீஸ் மேசையில் நூறு முறை சோதித்தபோது நூறு முறையும் எழுந்ததே!

எட்டாயிரம் வரிகளில் நாலு வரி. அந்த நாலு வரியால் ஒரு கிளீனர் பெட்டிக்கடியில் போயிருப்பான். மடிக்கணினியை மூடாமல் கையில் பிடித்தபடியே ஏணியில் இறங்கினாள்.

"சார், நான் கையெழுத்துப் போட முடியாது. இவர் சொன்னது சரி."

எத்திராஜுக்கு முகம் மாறியது. "உங்க டப்பா பொய் சொல்லிச்சுன்னு சொல்றீங்களா?"

"டப்பா இல்ல சார். நான் எழுதினது தப்பு. போர்டு தூங்கிட்டிருந்தப்போ அது முழிச்சிட்டிருக்குன்னு நினைச்சு டிரைவர் படிச்சிருக்கு."

"இன்னாது, டிரைவரா?" என்றார் பீம்ராவ். "டிரைவரு நான் இல்ல?"

"உள்ள ஒரு டிரைவர் இருக்குண்ணா. நீங்க வண்டிய ஓட்டறீங்க, அது போர்ட ஓட்டுது. நேத்து நீங்க முழிச்சிட்டு இருந்தீங்க, அதுதான் அசந்துடுச்சு."

பீம்ராவ் சிரிக்கவில்லை. ஆனால் கட்டியிருந்த கைகளைப் பிரித்துத் தொங்கவிட்டார்.

எத்திராஜ் லேசில் விடுவதாக இல்லை. "காகிதத்துல என்ன வேணா சொல்லலாம் மேடம். எனக்குக் கண்ணால பார்க்கணும். இப்பப் போட்டுக் காட்டுங்க."

அவர் கேட்டது நியாயம்தான். மறுபடி கேபினில் ஏறி, போர்டு தூங்கப் போகும் நேரத்தை ஒரு நிமிஷமாகக் குறைத்தாள். சாவியை எடுத்து, காத்திருந்து, மறுபடி போட்டாள். நாலும் சிவப்பு, சரியாக எழுந்துவிட்டது. மறுபடி ஒரு தடவை. அப்போதும் சிவப்பு. மூன்றாவது தடவையும் அதே. ஏணிக்குக் கீழே நின்ற எத்திராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் வரலையே மேடம்."

ஜஸீமாவுக்குப் பதற்றம் வரவில்லை. பதினாறு ஒன்றுகளைக் கண்ணால் பார்த்த பிறகு அது நடந்ததா என்ற கேள்வியே இல்லை. எப்போது நடக்கும் என்பதுதான் கேள்வி. பக்கத்துப் படியில் தொற்றிக்கொண்டு நின்ற பீம்ராவிடம் கேட்டாள்: "நேத்து மதியம் சாவி போடறப்போ வண்டியில வேற என்னென்ன ஓடிட்டிருந்துச்சுண்ணா?"

"வெயிலு கொளுத்திச்சி. ஏசி போட்டு வெச்சிருந்தேன். ஹெட்லைட்டும் எரிஞ்சிகினு இருந்திச்சி, காத்தால புகையில போட்டது, அணைக்க மறந்துட்டேன்." ஒரு கணம் நிறுத்தினார். "அதனால ஸ்டார்ட்டரு கொஞ்சம் முக்கி முக்கி எடுத்திச்சி."

ஜஸீமா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதுதான். ஸ்டார்ட்டர் இழுக்கும் நொடியில் பேட்டரி தாழ்ந்து போகும். ஏசியும் விளக்கும் சேர்ந்தால் இன்னும் தாழும். அந்த நொடியில் 'எழுந்திரு' என்று சொன்னால் போர்டுக்குக் கேட்காது. ஆபீஸ் மேசையில் ஸ்டார்ட்டர் ஏது?

"நீங்களே போடுங்கண்ணா. நேத்து மாதிரியே."

எத்திராஜ் தலையாட்டினார். பீம்ராவ் சீட்டில் உட்கார்ந்தார். ஏசியைத் திருப்பினார், ஹெட்லைட்டைப் போட்டார், சாவியைத் திருகினார். எஞ்சின் இருமிக்கொண்டே பிடித்தது.

திரையில் நாலும் பச்சை.

சட்டத்துக்கு அடியில் பெட்டியே இல்லை. சட்டம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. லாக் நாலும் திறந்திருப்பது கீழேயிருந்தே தெரிந்தது.

எத்திராஜ் ஏணியில் பாதி ஏறி வந்து திரையைப் பார்த்தார். கழுத்தை வளைத்துச் சட்டத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "பத்து நாளா இப்படியா ஓடிட்டிருந்திச்சு?"

"எல்லா தடவையும் வராது சார். வந்தப்பவும் லாக் நிஜமாவே விழுந்திருக்கும், அதனால யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நேத்து மூலை நசுங்கின பெட்டி வந்ததாலயும், இவர் கவனிச்சதாலயும்தான் தெரிஞ்சுது."

அங்கேயே நின்று ஜோபினுக்குப் போன் போட்டாள். விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொன்னாள்.

"புது மென்பொருள் இன்னும் எத்தனை வண்டியில இருக்கு?" என்றார் அவர்.

"பதினொண்ணு. எல்லாம் மாதவரம் யார்டுல. இப்பவே பழசுக்கு மாத்தணும் சார். அது வரைக்கும் ஆபரேட்டருங்க இறங்கிப் பார்த்துட்டுத்தான் தூக்கணும்."

"பழசு போட்டா பேட்டரி இறங்கும். மாதவரத்துக்காரன் என்னைய உயிரோட விடமாட்டான்."

"இறங்கட்டும் சார். பெட்டி விழாது."

"நாளைக்குக் காலையில செஞ்சா ஆகாதா? கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லி..."

"இன்னிக்கு மதியம் அங்க லஞ்சு முடிஞ்சு பதினோரு பேர் சாவி போடுவாங்க சார். நீங்க சொல்லலேன்னா நானே அவங்களுக்குப் போன் பண்ணிடுவேன். நம்பர் எங்கிட்ட இருக்கு."

ஆறு வருஷத்தில் அவரிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. ஜோபின் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. "வேண்டாம். நானே நேர்ல போறேன். பன்னிரண்டரைக்குள்ள மாத்திருவேன். நீ அங்க சரி பண்ணு, கேட்டியா?"

ஜஸீமா ஆபீஸ் கன்டெய்னரில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். எத்திராஜ் தன் மேசையில் பாதியை அவளுக்காகக் காலி செய்து கொடுத்தார். பிரியாணிப் பொட்டலம் வந்தது. இடது கையால் தட்டச்சு செய்துகொண்டே சாப்பிட்டாள்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. போர்டை எழுப்பினால் மட்டும் போதாது, உடனே அதன் பெயரைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சிப்புக்கும் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண் சரியாக வந்தால்தான் விழித்திருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி எழுப்ப வேண்டும். எழுந்த போர்டுக்குத் தூங்கும் முன் கற்ற எதுவும் ஞாபகம் இருக்காது. எந்தக் கம்பியைக் கவனிப்பது, எப்போது கூப்பிடுவது எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லித்தர வேண்டும். டிரைவரின் ஒரு பகுதி போர்டைப் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு பகுதி அதைத் தூங்க அனுப்பாதபடி ஒரு கணக்கு வைக்க வேண்டும். பதினாறும் ஒன்று என்று வந்தால் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

"அப்போ தெரையில இன்னா காட்டுவ?" பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பீம்ராவ் கேட்டார். வண்டி ஓடாததால் அவருக்கும் வேலை இல்லை.

"சிவப்பு காட்டலாம்னு இருக்கேன்."

"செவப்புன்னா லாக் தொறந்து கீதுன்னு அர்த்தம். அது பூட்டியும் இருக்கலாம் இல்ல? பெட்டி அந்தரத்துல தொங்கறப்போ செவப்பு வந்தா நான் இன்னான்னு நெனைப்பேன்? பயந்துபோய் தப்பா எதனா பண்ணுவேன். தெரிலன்னா தெரிலன்னு சொல்ல வையி."

ஜஸீமாவின் விரல்கள் நின்றன. அவர் சொன்னது சரி. பூட்டியது, திறந்தது என்று ரெண்டே நிலைதான் அவள் மனசில் இருந்தது. மூன்றாவதாக ஒரு நிலைக்கு அவள் திரையில் இடமே வைக்கவில்லை.

"மஞ்சள்ல 'தெரியவில்லை'ன்னு எழுத்துலயே போடறேன். மஞ்சளா இருந்தா லீவர் மேல போகாது. மெதுவா கீழ இறக்க மட்டும் விடும். சரியாண்ணா?"

"கரீட்டு."

மூன்று மணிக்குப் புது டிரைவர் தயாரானது. வண்டியில் ஏற்றினாள். ஏசி, ஹெட்லைட்டு, சாவி. ஒரு நொடி மஞ்சள் வந்தது, உடனே நாலும் சிவப்பாக மாறியது. பெட்டி இல்லை, லாக் திறந்திருக்கிறது. திரையும் அதையே சொன்னது. இருபது தடவை போட்டார்கள், இருபது தடவையும் அப்படியே.

"முடிஞ்சுதா மேடம்?" என்றார் எத்திராஜ் ஆவலாக.

"இரு சார்" என்றார் பீம்ராவ். "நீ பண்றதயே நான் ஒண்ணு பண்ணிக் காட்டறேன். லஞ்சுக்குப் போவ சாவிய எடுத்துட்டு எறங்குவேன். நீ வாக்கி டாக்கில 'பீம்ராவ், இன்னும் ஒரே ஒரு பெட்டி'ன்னு கூப்புடுவ. ஒடனே ஏறி சாவியப் போடுவேன். டெய்லி நடக்குதா இல்லியா?"

எத்திராஜ் வேறு பக்கம் பார்த்தார். பீம்ராவ் சாவியை எடுத்தார். சோதனைக்காகக் குறைத்து வைத்திருந்த ஒரு நிமிஷம் முடியும் தறுவாயில், மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவர்போல் டக்கென்று திருகினார்.

மஞ்சள் வந்தது. போகவே இல்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, ரெண்டு நிமிஷம் ஆயிற்று. 'தெரியவில்லை' என்றே நின்றது.

"மாட்டிகிச்சி" என்றார் பீம்ராவ், கோல் தடுத்தவரின் திருப்தியோடு. வியாசர்பாடியில் அவர் பல வருஷம் கோல்கீப்பராக நின்றவர் என்பதை மதியம்தான் எத்திராஜ் சொல்லியிருந்தார்.

ஜஸீமாவுக்கு எரிச்சல் வரவில்லை, உற்சாகம்தான் வந்தது. இந்தத் தடவை டப்பா பொய் சொல்லவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டது, லீவரையும் பூட்டி வைத்தது. தப்பு நடந்தாலும் பத்திரமான பக்கமாக நடந்திருந்தது. காரணத்தைப் பத்து நிமிஷத்தில் பிடித்தாள். போர்டு பாதித் தூக்கத்தில் இருக்கும்போது எழுப்பும் கட்டளை வந்தால், 'இன்னும் முழிப்பாகத்தானே இருக்கிறது' என்று எழுப்பும் பகுதி சும்மா இருந்துவிட்டது. தூங்கவைக்கும் பகுதியோ தன் வேலையை முடித்துவிட்டது. ரெண்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டாள். தூங்கவைக்க ஆரம்பித்தால் முழுசாகத் தூங்கி முடிக்கும் வரை எழுப்பும் பகுதி காத்திருக்க வேண்டும். அப்புறம் முறைப்படி எழுப்ப வேண்டும்.

நாலே முக்காலுக்கு மறுபடி ஏற்றினாள். பீம்ராவ் தனக்குத் தெரிந்த எல்லாக் குறும்பையும் செய்து பார்த்தார். சாவியைப் பாதி திருப்பி நிறுத்தினார். எடுத்து எடுத்துப் போட்டார். பட்டனை அமுக்கிக்கொண்டே எஞ்சினை அணைத்தார். நாற்பது நிமிஷம் அவர் படுத்தாத பாடில்லை. திரை ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. நடுவில் ஜோபின் போன் செய்தார். பதினோரு வண்டியும் பன்னிரண்டேகாலுக்கே பழைய மென்பொருளுக்குப் போய்விட்டதாம். மாதவரத்துக்காரர் கத்தினாராம், காரணத்தைக் கேட்டதும் கத்தலை நிறுத்திவிட்டு டீ வாங்கிக் கொடுத்தாராம்.

"இப்போ நெசமா ஒண்ணு தூக்கலாம்" என்றார் பீம்ராவ்.

ஒரு காலிப் பெட்டியின் மேல் சட்டத்தை இறக்கினார். பட்டனை அமுக்கினார். விளக்குகள் ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு என்று சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறின. ஜஸீமா கீழே இறங்கி, தூரத்தில் நின்று, நாலு மூலையையும் கண்ணால் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். பெட்டி மேலே எழும்பியது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளின் பக்கம் வெயில் சாய்ந்திருந்தது. பீம்ராவ் பெட்டியை மூன்றாவது அடுக்கில் ஒரு விரற்கடைகூடத் தவறாமல் உட்காரவைத்தார்.

அவர் இறங்கி வந்ததும் எத்திராஜ் சட்டைப் பையிலிருந்து மெமோவை எடுத்தார். "இதைக் கிழிச்சுப் போட்டுடறேன் பீம்ராவ். மனசுல வெச்சுக்காத."

"கிழிக்காத சார்."

"ஏன்?"

"கிழிச்சா காயிதம்தான் பூடும். நான் வேணும்னே வண்டிய நிப்பாட்டினேன்னு நேத்து எல்லாரு முன்னாடியும் சொன்ன. அது பூடுமா? வாபஸ் வாங்கினேன், ஆபரேட்டர் பண்ணது கரீட்டுன்னு எழுதிக் குடு. அத்த நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். நாளிக்கு வேற எவனாவது எறங்கிப் பாத்தான்னா அவனுக்கும் யாரும் மெமோ குடுக்கக் கூடாது."

எத்திராஜ் உள்ளே போய் மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து ஜஸீமாவிடம் நீட்டினார். "தொழில்நுட்ப விஷயம் சரியா இருக்கான்னு பாருங்க மேடம்." அவள் படித்தாள். 'கருவிக் கோளாறு' என்று எழுதியிருந்தார். அதை அடித்து 'மென்பொருள் கோளாறு' என்று திருத்தி, பக்கத்தில் தன் பெயரை எழுதி, கையெழுத்தும் போட்டாள்.

கிளம்பும் முன் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. டிரைவரில் எதை மாற்றினாலும் என்ன தப்பு, யார் செய்தது, யார் கண்டுபிடித்தது, எப்படித் திருத்தியது என்று ஒரு குறிப்பு எழுதிச் சேர்க்க வேண்டும். பிற்பாடு யார் திறந்தாலும் அது அங்கேயே இருக்கும். ஆபீஸ் வாசல் படியில் உட்கார்ந்து அதை எழுதினாள். தப்பு யாருடையது என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். அதற்கடுத்த வரியை எழுதும்போது பீம்ராவ் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாது, எம் பேரு மாதிரி கீது?"

"கண்டுபிடிச்சவர் பேரு போடணும்ணா. அதான் வழக்கம்."

"நான் இன்னா கண்டுபுடிச்சேன்? பச்ச முன்னாடியே வந்திச்சின்னேன்."

"அதத்தான் நான் நூறு தடவை சோதிச்சும் கண்டுபிடிக்கல. பாதித் தூக்கத்துல மாட்டினதும் நீங்க பிடிச்சதுதான், அதுக்குத் தனியா இன்னொரு குறிப்பு எழுதியிருக்கேன். ரெண்டுலயும் உங்க பேருதான்."

பீம்ராவ் திரையைக் கிட்டத்தில் பார்த்தார். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே தன் பெயரை விரலால் தேடினார். டீயை ஒரு வாய் குடித்தார்.

"எம். பீம்ராவ்னு போடு" என்றார். "யார்டுல இன்னொரு பீம்ராவ் கீறான். அவன் லீவுல கீறான்."

ஜஸீமா ரெண்டு குறிப்பிலும் 'எம்'மைச் சேர்த்து அனுப்பினாள்.